மணையும் மூன்றாவது கம்பியும்

நமது வீட்டுச் சமையலறையில் ஒரு மணை உண்டு. சாப்பிட உட்காரும் மணை அல்ல. மாப்பிள்ளையை உட்கார வைக்கும் கல்யாண மணையும் அல்ல. மாவரைக்கும் கிரைண்டருக்கு முன்னால் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு பழைய பலாப் பலகை. அது எந்தக் காலத்தில் அங்கே வந்து சேர்ந்தது என்பதை நாம் கவனித்ததே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அரிசியும் உளுந்தும் ஊறும். நமது இல்லத்தரசியார் அந்த மணையின் மீது ஏறி நின்று ஸ்விட்சைப் போடுவார். மாவைத் தள்ளி விடுவார். வேலை முடிந்ததும் கீழே இறங்குவார். மறுநாள் காலையில் இட்லி மல்லிகைப் பூப் போல வரும். இட்லி நன்றாயிருக்கும் வரையில், அது எந்த மணையின் மேல் நின்று அரைக்கப்பட்டது என்று எந்தப் புருஷன் விசாரிக்கிறான்?

ஆனால் சென்ற மாதத்தில் ஒருவர் விசாரித்து விட்டார்.

அவர் நமது பழைய நண்பர், மந்தைவெளிவாசி. முப்பது வருஷத்துக்கு மேல் தரமணியில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரச் சாதனங்கள் மனுஷர்களுக்குத் தீங்கு செய்யாமல் இருக்கின்றனவா என்று பரிசோதிப்பது அவருடைய உத்தியோகம். "என்ன வேலை பார்த்தீர்?" என்று யாராவது கேட்டால், "புத்தம் புதிய சாமான்களைக் கெடுப்பதற்குச் சம்பளம் வாங்கினேன்" என்பார். தண்ணீரைக் கொட்டிப் பார்ப்பது, கம்பியைப் பிடித்து இழுப்பது, காய்ந்த சுருளை எடுத்து வைத்துச் சுட்டுப் பார்ப்பது முதலிய காரியங்களை வீட்டில் செய்தால் குழந்தைக்கு அடி விழும். அவருக்கோ அதற்குப் பென்ஷன் வருகிறது.

அன்றைய தினம் மயிலைத் தெப்பக்குளத்தைப் பிரதட்சிணம் செய்துவிட்டு, நமது வீட்டில் காபி சாப்பிட வந்தவர், சமையலறை வாசலில் நின்றபடியே மணையைப் பார்த்தார். பிறகு கிரைண்டரைப் பார்த்தார். முகத்தில் இருந்த புன்னகை மறைந்து போயிற்று.

"அம்மா, இந்த மணை எதற்கு?" என்று கேட்டார்.

"அதுவா? கிரைண்டர் கொஞ்சம் கடிக்கும். மணையில் நின்றால் ஒன்றும் செய்யாது" என்று இல்லத்தரசியார் வெகு சாதாரணமாகச் சொன்னார். தெருவில் ஒரு நாய் இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சொல்வது போலச் சொன்னார்.

"எத்தனை நாளாகக் கடிக்கிறது?"

"மூன்று வருஷம் இருக்கும்."

நண்பர் காபியை வைத்து விட்டார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருகுளியை எடுத்தார். (இவர் திருநீற்றை மறந்தாலும் திருகுளியை மறக்க மாட்டார்.) கிரைண்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதைத் திறந்து நம் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். உள்ளே மூன்று முளைகள் இருந்தன. ஆனால் இரண்டில்தான் கம்பி. மூன்றாவதான பச்சைக் கம்பி, வேரோடு கத்தரிக்கப்பட்டுச் சுருண்டு கிடந்தது. எந்தக் காலத்திலோ பிளக் மாற்ற வந்த மின்சாரத் தொழிலாளி, "சுவரிலேயே எர்த் இல்லை, இங்கே மட்டும் எதற்கு?" என்று சொல்லி வெட்டியதாக இல்லத்தரசியாருக்கு ஞாபகம் வந்தது. நண்பர் சுவரையும் சோதித்தார். அந்தத் தொழிலாளி சொன்னது மெய்தான். சுவரில் மூன்று துவாரம் இருந்தது. மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஸ்வாமி இல்லாத கோயிலுக்குக் கோபுரம் மட்டும் கட்டி வைத்தாற்போல் இருந்தது.

அப்போதுதான், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும்தான் இழுக்குது சார். ஈரத்துணியால கிரைண்டரைத் துடைச்சா விர்ருனு ஏறும். மிஷினுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அம்மாகிட்ட சொல்லலே."

நண்பர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். "ஓய்! மணை ஒன்றுதானே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

மாவரைப்பவருக்கு மணை உண்டு. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று, ஈரத் துணியால் அதே யந்திரத்தைத் துடைப்பவளுக்கு மணை இல்லை. அவளுக்கு அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. உலக நியாயங்களைப் பற்றி வாரந்தோறும் இந்தப் பத்தியில் எழுதுகிற நமக்கும் தோன்றவில்லை. இந்த வாரம் நாம் இதை எழுதுவது, ஒரு விதத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற வெட்கத்தினால்தான்.

*

நண்பர் சொன்ன கணக்கை நேயர்களும் கேட்க வேண்டும்.

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். உடம்பின் வழியாக ஒரு மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஓடினாலே விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். அது பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியராக ஏறினால் கைத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. "கரண்டு இழுத்துக்கொண்டது" என்கிறோம். உண்மையில் மின்சாரம் நம்மை இழுப்பதில்லை. நமது கையே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சார்லஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், 1940களிலிருந்து, தாமாக முன்வந்தவர்களை வைத்து இந்த எல்லையை அளந்து பார்த்தார். சராசரி ஆணுக்கு அது 16 மில்லி ஆம்பியர், பெண்ணுக்குப் பத்தரைதான். நமது தேசத்துச் சமையலறைகளில் ஈரத்தில் நிற்பவர் பெரும்பாலும் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் போய்ச் சற்று நேரம் நீடித்தால், மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. ஈரக் கையும் ஈரக் காலும் உள்ளவருடைய உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 230 மில்லி ஆம்பியர்.

"சரி, பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று நாம் புத்திசாலித்தனமாகக் கேட்டோம்.

"உமது சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பியூஸ். அதாவது ஆறாயிரம் மில்லி ஆம்பியர். உம்மைப் போல 26 பேர் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் அந்தக் கிரைண்டரைத் தொட்டாலும், மொத்தம் 5,980தான் ஆகும். 26 பேரும் போவார்கள், பியூஸ் போகாது. பியூஸ் இருப்பது கம்பியைக் காப்பாற்றவும் வீடு தீப்பிடிக்காமல் இருக்கவும். உம்மைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை" என்றார்.

அப்படியானால் நம்மைக் காப்பாற்றுவது எது? அந்தப் பச்சைக் கம்பிதான். அதன் ஒரு முனை யந்திரத்தின் உலோக உடம்பில். மற்றொரு முனை பூமியில். உள்ளே மோட்டாரின் காப்பு கெட்டு மின்சாரம் உடம்புக்குக் கசிந்தால், அது நமது ஆயிரம் ஓம் உடம்பின் வழியே போக முயலாமல், சுலபமான அந்தக் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும். மின்சாரத்துக்குப் போக ராஜபாட்டை போட்டுக் கொடுத்து விட்டால், அது நமது வீட்டுத் திண்ணையில் ஏறி வராது.

இதனாலேதான் நமது மூன்று முளைப் பிளக்கில் மேலே இருக்கும் ஒற்றை முளை மற்ற இரண்டையும் விடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கிறது. செருகும்போது அது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும். காவல்காரன் முதலில் உள்ளே வந்து, கடைசியில் வெளியே போகிறான். இந்த உருவம் பிரிட்டிஷ்காரர்களுடைய பழைய தரத்திலிருந்து வந்தது. அவர்கள் 1947ஆம் வருஷத்தில் பியூஸ் உள்ளடங்கிய சதுர முளைப் பிளக் ஒன்றைத் தங்களுக்கு வகுத்துக்கொண்டு, நாளடைவில் இதை வீடுகளிலிருந்து விலக்கி விட்டார்கள். நாம் உருண்டை முளையையே வைத்துக்கொண்டு, 1293 என்ற எண்ணுள்ள இந்தியத் தரமாக அதைச் சொந்தமாக்கிக்கொண்டோம். முளை நம்முடையதாயிற்று, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கம்பியை மட்டும் பல வீடுகளில் மறந்துவிட்டோம்.

*

மறுநாள் நண்பர் நம்மைத் திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயிலில் ஏற்றினார். "நான் முப்பது வருஷம் என்ன செய்தேன் என்று உமக்குத் தெரிய வேண்டும்" என்றார். மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு. அப்புறம் அடையாற்றைத் தாண்டிக் கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர். அதற்கு அடுத்தது தரமணி. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, பெயரின் தலையிலேயே "தரம்" இருக்கிறது. அங்கே சி.ஐ.டி. வளாகத்தின் மரங்கள் அடர்ந்த குறுக்குத் தெருக்களில், கூப்பிடு தூரத்துக்குள்ளே, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல ஆய்வகம் இருக்கிறது. 1912இல் கல்கத்தா அலிப்பூரில் ரயில்வேக்காக ஆரம்பிக்கப்பட்ட நேஷனல் டெஸ்ட் ஹவுஸின் தென்மண்டலக் கிளை இருக்கிறது. 'சமீர்' என்று பெயருள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் மின்காந்தவியல் மையமும் இருக்கிறது. உள்ளே போய் வேடிக்கை பார்க்க அனுமதி வேண்டும். ஆகையால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே நண்பர் உபந்நியாசத்தைத் தொடங்கினார்.

"நான் உபயோகித்த கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விரல்" என்றார்.

உலோகத்தாலும் காப்புப் பொருளாலும் செய்த பொய்விரல் அது. 12 மில்லிமீட்டர் பருமன், 80 மில்லிமீட்டர் நீளம். நம் விரலைப் போலவே மடங்குவதற்கு இரண்டு கணுக்கள். சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் வகுத்த அளவு. ஆகையால் தரமணியில் உள்ள விரலும் ஜெர்மனியில் உள்ள விரலும் ஜப்பானில் உள்ள விரலும் ஒரே விரல்தான். ஒரு சாதனம் பரிசோதனைக்கு வந்ததும், அதன் ஒவ்வொரு சந்திலும் இடுக்கிலும் அந்த விரலை நுழைத்துப் பார்ப்பார்கள், மடக்கிப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே மின்சாரம் உள்ள எந்தப் பாகத்தையும் அது தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்தச் சாதனம் தோற்றது. குழந்தைகளின் கைக்கென்று இன்னும் சிறிய பொய்விரல்களும் உண்டு. "விரலை நுழைக்கும்போது நான் எஞ்சினீயராக இருக்கக் கூடாது. ஒன்றும் அறியாத ஒன்றரை வயதுக் குழந்தையாக இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் கஷ்டமான பாகம்" என்றார் நண்பர்.

பிறகு மற்றச் சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மழைக்காலத்துச் சென்னையைப் போல நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு ஈரப்பதம் உள்ள அறையில் சாதனத்தை 48 மணி நேரம் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் அதன் காப்பின் மீது 1,250 வோல்ட்டை ஒரு நிமிஷம் செலுத்துவார்கள். இரட்டிப்புக் காவல் வேண்டிய இடங்களில் 3,000 வோல்ட். காப்பு அதைத் தாங்க வேண்டும். உலோக உடம்புக்கும் எர்த் முனைக்கும் நடுவில் குறைந்தது 25 ஆம்பியர் ஓட்டிப் பார்ப்பார்கள், தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. கிரைண்டர் போன்ற கனமான யந்திரமானால் அதன் கம்பியை ஏறக்குறையப் பத்துக் கிலோ எடையின் பலத்தோடு 25 தடவை இழுப்பார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

இந்தக் கம்பி விஷயத்தில் இன்னொரு விதியும் உண்டு. யாராவது முரட்டுத்தனமாக இழுத்துக் கம்பி பிடியிலிருந்து நழுவி விட்டால் என்ன ஆகும்? அப்போதுங்கூட, மின்சாரம் ஓடும் கம்பிகள்தான் முதலில் விறைக்க வேண்டும். எர்த் கம்பி கடைசியில்தான் விறைக்க வேண்டும். அதற்காக உள்ளே பச்சைக் கம்பியைச் சற்று நீளமாக விட்டு முடிக்க வேண்டும். எல்லாம் அறுந்த பிறகே காவல் அறுபடலாம் என்பது சாஸ்திரம். "அவ்வளவு யோசனை செய்து, அரை அங்குலம் கூட விடச் சொல்லி நாங்கள் தரம் எழுதி வைத்தோம். உமது வீட்டில் அதை ஒரே கத்தரிப்பில் வெட்டி விட்டார்கள்" என்று சொல்லி நண்பர் டீயைக் குடித்தார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

*

இந்தத் தொழில் ஆரம்பித்த கதையும் சுவாரஸ்யமானது. 1893ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அதனோடு சேர்ந்துதான் நடந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். அதே கண்காட்சியில் ஆயிரக்கணக்கான மின்சார விளக்குகள் ஜொலித்தன. தீப்பிடித்தால் பணம் கொடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கம்பிகளைச் சோதிக்க வில்லியம் மெரில் என்ற இளம் எஞ்சினீயரை அமர்த்தினார்கள். அவர் 1894இல் சிறிய சோதனைச் சாலை ஒன்றை ஆரம்பித்தார். 'அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ்' என்று இன்று உலகம் முழுதும் பெயர் பெற்ற ஸ்தாபனம் அதுவே. அதற்கு அடுத்த வருஷம், 1895இல், நமது சென்னை நகரத்தின் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். 1953இல் அது நிற்கும் வரையில் சென்னைவாசிகள் அதில் தொங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே மின்சாரத்தைக் கூப்பிடுவதில் நாம் பிந்தியவர்கள் அல்ல. அதற்கு வேண்டிய மரியாதையைச் செய்வதில்தான் பிந்தினோம்.

தரம் என்பதைத் தேசத்தின் காரியமாக எடுத்துக்கொண்டது சுதந்திரத்தின் வாசலில். 1947 ஜனவரி 6ஆம் தேதி, ஆங்கிலக் கொடி இன்னும் இறங்காத சமயத்தில், இந்தியத் தரநிலை ஸ்தாபனம் பிறந்தது. அதன் சுருக்கப் பெயர்தான் 'ஐ.எஸ்.ஐ.' டாக்டர் லால் சந்த் வர்மன் அதன் முதல் டைரக்டர். அந்த ஸ்தாபனம் 'ஒன்று' என்று எண்ணிட்ட தரம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நமது தேசியக் கொடிக்கு! கதர்த் துணியின் நெசவு, நிறம், அளவு எல்லாவற்றையும் 1951இல் வரையறுத்தார்கள். கொடியிலிருந்து தொடங்கிய கணக்கு, நாளடைவில் நமது சமையலறைப் பிளக் வரையில் வந்தது. கொடி நேராகப் பறக்க வேண்டும் என்ற அக்கறையும், வேலைக்காரப் பெண்மணியின் கையில் மின்சாரம் ஏறக் கூடாது என்ற அக்கறையும் ஒரே புத்தக வரிசையில் இருப்பது நமக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. 1987இல் ஸ்தாபனத்தின் பெயர் மாறி, இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆயிற்று. சாமான்களின் மேல் போடும் முத்திரை மட்டும் பழைய ஐ.எஸ்.ஐ.யாகவே இருக்கிறது. வயர், ஸ்விட்ச், இஸ்திரிப் பெட்டி, வெந்நீருக்குப் போடும் இம்மர்ஷன் ராடு முதலியவற்றை அந்த முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று 2003இல் சர்க்கார் உத்தரவும் போட்டாயிற்று.

உத்தரவு இருக்கிறது, நமக்குக் கண் இருக்கிறதா? தியாகராய நகருக்குப் போய் ஒரு காட்சியைப் பாருங்கள். நகைக் கடையில் இரண்டு கிராம் தோடு வாங்கும் அம்மாள், ஹால்மார்க் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். ஆறு எழுத்து அடையாளக் குறியைக் கைபேசியில் தட்டிச் சரிபார்க்கிறார். வெகு நல்ல காரியம். அதே அம்மாள் வெளியே வந்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில், முத்திரையும் இல்லாத, செய்தவன் பேரும் இல்லாத ஒரு நீட்டிப்புப் பலகையையும் இரண்டு முளைப் பிளக்கையும் பேரம் பேசி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். தங்கத்துக்கு முத்திரை வைக்கிற அதே அமைவனந்தான் பிளக்குக்கும் முத்திரை வைக்கிறது. முத்திரைக்கு மேலே தரத்தின் எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அதையும் அதே 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் தட்டிப் பார்க்கலாம். தங்கத்தில் ஏமாந்தால் பணம் போகும். பிளக்கில் ஏமாந்தால் என்ன போகும் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுகிறது: மின்சாரம் தாக்கி இந்தியாவில் இறந்தவர்கள் 2021ஆம் வருஷத்தில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல்.

ஆயினும் முத்திரையோடு கதை முடிந்துவிடவில்லை என்பதே நண்பருடைய துக்கம். நமது கிரைண்டர் கோயம்புத்தூரில் ஒழுங்காகச் செய்யப்பட்டதுதான். அதன் உள்ளே பச்சைக் கம்பி இருந்தது. பிளக்கில் நீள முளை இருந்தது. ஆராய்ச்சிச் சாலையின் அதிகாரம் அந்த முளையின் நுனியோடு நின்று போகிறது. அதற்கு அப்பால் இருப்பது நமது சுவர். சுவருக்குள் எந்த எஞ்சினீயரும் பொய்விரலை விட்டுப் பார்க்க வருவதில்லை. மயிலையில் நாம் குடியிருப்பதைப் போன்ற பழைய கட்டடங்களில், விளக்கும் விசிறியும் மட்டுமே இருந்த நாளில் மரச் சட்டத்தின் மேல் இரண்டே கம்பிகளை ஓட்டினார்கள். பிறகு கிரைண்டர் வந்தது, பிரிட்ஜ் வந்தது, துணி துவைக்கும் யந்திரம் வந்தது. யந்திரம் வந்த வேகத்தில் மூன்றாவது கம்பி வரவில்லை. அதற்குப் பதிலாக மணை வந்தது.

*

இனி, நாம் செய்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

லைசென்ஸ் பெற்ற மின்சாரத் தொழிலாளி ஒருவரை நண்பரே அழைத்து வந்தார். கட்டடத்தின் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் எர்த் குழி ஒன்று இருப்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மூடியைத் திறந்தால் மண் வறண்டு, வெடித்துக் கிடந்தது. அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு, குழாயைச் சுற்றி ஈரம் நிற்கும்படி செய்ய வேண்டிய குழி அது. கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். துளசி மாடத்துக்குத் தினமும் ஊற்றுகிறோம். இந்தக் குழிக்கு ஒருவரும் ஊற்றியதில்லை. அதைப் புதுப்பித்து, அங்கிருந்து நமது சமையலறைச் சுவர் வரையில் பச்சைக் கம்பி இழுத்து, பிளக்கில் வெட்டுப்பட்ட கம்பியையும் சேர்த்தார்கள்.

மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் 'ஆர்.சி.சி.பி.' என்னும் கசிவு காட்டும் ஸ்விட்ச் ஒன்றையும் வைத்தார்கள். இது கெட்டிக்காரக் கணக்குப் பிள்ளை. ஒரு கம்பியில் போன மின்சாரமும் மற்றக் கம்பியில் திரும்பி வந்த மின்சாரமும் சரியாக இருக்கின்றனவா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கில் முப்பது மில்லி ஆம்பியர் உதைத்தால், அது எங்கோ ஒரு மனுஷனுடைய உடம்பின் வழியே போயிருக்கலாம் என்று சந்தேகித்து, மூன்றில் ஒரு விநாடிகூட ஆவதற்குள் கடையை மூடிவிடும். இரண்டு கம்பிகளையும் ஒருவர் இரண்டு கைகளால் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. கணக்கு நேராகவே இருக்கும். ஆகவே அது இருக்கிறதே என்று யாரும் அசட்டு வீரம் காட்டக் கூடாது. அதன் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, கணக்குப் பிள்ளை தூங்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்து கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டோம். 'டக்'கென்று வீடே இருண்டது. இன்னொரு தடவை போட்டோம். இன்னொரு தடவை இருண்டது. "புதுச் சாமான் கெட்டுப் போச்சா?" என்று இல்லத்தரசியார் கேட்டார்.

"இல்லை அம்மா. மூன்று வருஷமாக உங்கள் காலடியில் கிரைண்டர் சொல்லிக்கொண்டிருந்ததை, இன்றைக்குத்தான் கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லியிருக்கிறது" என்றார் நண்பர்.

மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிக் கம்பிச் சுற்றின் காப்பு அழுகிப் போயிருந்தது என்று பழுது பார்த்தவர் பிற்பாடு சொன்னார். சுற்றை மாற்றிக்கொண்டு வந்தோம். செலவு மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால், தியாகராய நகரில் அந்த இரண்டு கிராம் தோடு வாங்கும் பணத்தை விடக் குறைவு.

இப்போது வேலைக்காரப் பெண்மணி ஈரத் தரையில் நின்று கிரைண்டரைத் துடைக்கிறாள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் துடைக்க வேண்டும் என்று நண்பர் கற்றுக் கொடுத்ததையும் மறப்பதில்லை. முதல் நாள் மட்டும் கையை வைப்பதற்கு முன்னால் நம்மைத் திரும்பிப் பார்த்தாள். "தொடலாமா சார்?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் அப்படிக் கேட்டிருந்தால் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்க்க மனம் கூசுகிறது.

நேயர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றுதான். இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் உங்கள் சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். கிரைண்டருக்கு முன்னால், துணி துவைக்கும் யந்திரத்துக்கு முன்னால், ஒரு மணையோ, ரப்பர்ச் செருப்போ, மடித்துப் போட்ட கோணிப்பையோ கிடக்கிறதா? கிடந்தால் அது அங்கே ஏன் வந்தது என்று வீட்டில் உள்ள எல்லோரையும் கேளுங்கள். பாத்திரம் தேய்க்க வருபவளையும் மறக்காமல் கேளுங்கள். அப்புறம் ஒரு நல்ல மின்சாரத் தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

நமது பலா மணை வீணாகிவிடவில்லை. நண்பர் காபி சாப்பிட வரும்போது இப்போது அதில்தான் உட்காருகிறார்.